என் கதைகளில் ஏன் காவிரி ஓடுகிறது?

குடியாத்தம் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய இலை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கையும் கண்ணும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. ஆறாம் வகுப்பில் தொடங்கினேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, பீடி கட்டும் நூலாலேயே தைத்து வைத்திருப்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனாலும் ஒரு வாரத்துத் தாளைக்கூடத் தொலைக்க மாட்டார்.

ஒரே ஒரு தொடரில் மட்டும் கடைசி இரண்டு வாரம் இல்லை. மகள் பிரசவத்துக்காக அவர் ஊரில் இல்லாத சமயம் அது. தாள் தீர்ந்துபோனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. கடைசித் தாளையே பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் ஊர் திரும்புகிறாள், வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் உள்ளே போகக் கால் வராமல் நிற்கிறாள் என்று நானாகவே சொல்லிக்கொண்டு போனேன். பெரியம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்த தூள் பட்டு இன்னும் அதிகமாகத் தண்ணீர் வந்தது. எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த முகத்தைப் பார்த்துத்தான் வந்தது.

கல்யாணம், பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. படிப்பை மட்டும் விடவில்லை. ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று பழைய முத்திரை குத்திய நூலகப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். இப்போது மகனுடைய நோட்டுகளில் மிச்சமிருந்த பக்கங்களில் மூன்று கதைகள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் கூடத்தில் ஊஞ்சல் ஆடுகிறது, கொல்லையில் கிணறு இருக்கிறது, படித்துறையில் காவிரி ஓடுகிறது. நான் காவிரியைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது கௌண்டன்யா ஆறு. வருடத்தில் பல மாதம் மணல்தான். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதில் ஒரு வரிகூட என் கதையில் வரவில்லை.

ஒரு வருடம் எதையும் படிக்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்கிறார் என் தோழி. எனக்கு அது பட்டினி கிடப்பது போல இருக்கிறது. உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

வாலாஜா தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, படிப்பை நிறுத்த வேண்டாம். படித்ததால் வந்த குறை இல்லை இது. கதை என்றால் காவிரிக் கரையில்தான் நடக்கும் என்று மனம் பழகிவிட்டது, அவ்வளவுதான். நம் பக்கத்து ஊர்களையும் கதையில் பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்தவர், பிறகு அங்கேயே பள்ளியில் தமிழ் கற்பித்தார். 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘அகல் விளக்கு’ நாவலில் எங்கள் வாலாஜாபேட்டை வருகிறது. பதினைந்து வயதில் அதைப் படித்துவிட்டு, நான் தினமும் நடக்கிற தெருவை அன்று மாலை புதிதாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நம் தெருவும் அச்சில் ஏறலாம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் படிக்காத ஊர்க்கதைகள் இன்னும் இருக்கும். தேடுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒருவன்:

நான் படிப்பதை நிறுத்திப் பார்த்தேன். ஆறு மாதத்தில் எழுத்தும் நின்றுவிட்டது. நான் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எனக்கு உதவியது வேறு. கதையை ஒதுக்கி வைத்துவிட்டு, வேலை செய்கிற இடத்தில் நாங்கள் வாயால் சொல்லும் சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். ஈரத்தோலின் வாடைக்கே எங்களிடம் நாலு பெயர் இருக்கிறது! எட்டாவது பக்கத்தில் ஒரு சொல்லைச் சொல்லும் ஆளும் கூடவே வந்துவிட்டார். அவர்தான் என் முதல் கதை.

காட்பாடி மாணவி:

அக்கா, நீங்கள் எழுத வேண்டிய கதை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் திண்ணையை எழுதுங்கள். பெரியம்மா இருக்கிறாரா? இருந்தால் அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

குடியாத்தம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அந்த நாவலை நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். தம்பி, நீங்கள் சொன்னபடி நோட்டுப் போட்டுவிட்டேன்.

பெரியம்மா இருக்கிறார், தங்கையே. வயது 78. கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. திண்ணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நேற்றுக் கொண்டுபோனேன். மூன்றாவது வரியிலேயே நிறுத்தினார். “இலையை ஊறவைக்காமலா வெட்டுகிறாள்? முறிந்துவிடாதா?” என்றார். எத்தனை வருடம் அந்த ஈரச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! நான் படித்த கதைகளில் யாரும் இலை ஊறவைத்ததில்லை, அதனால் என் கையும் அதை எழுதவில்லை. அங்கேயே பென்சிலால் திருத்தினேன். செருப்பு வருகிற இடத்தில் மறுபடி கேட்டார்: “என்ன செருப்பு அது?”

டயர் செருப்பு என்று சேர்த்திருக்கிறேன். என் அப்பா போட்டிருந்தது அதுதான். இன்னும் நான்கு பக்கம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.