மறு: ‘ஹாட் ராட்’ = முறுக்குந்து? கூடவே கூரையிறக்கம், ஈயப்பட்டி

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஹாட் ராட்’ என்பதையும் அந்த வேலையில் வரும் மற்ற சொற்களையும் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில்கள் வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஒவ்வொரு சொல்லையும் வண்டியின் பக்கத்தில் நின்றே சொல்லிப் பார்த்தேன். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முன்கதை: கலிஃபோர்னியாவில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், 1931-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூபே (இருவர் அமரும், கூரையுள்ள சிறிய கார்) ஒன்றைத் துருப்பிடித்த வெறுங்கூடாக வாங்கிவந்து, 1940-50-களின் பாணியில் ஹாட் ராட் (கையால் வலுவேற்றிய பழைய கார்) ஆக்கிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைதோறும் நான் அவருக்கு எடுபிடி. இந்த வேலையைத் தமிழில் தொடராக எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

> சூட்டுத்தண்டு என்று வைத்தால் என்ன? இரண்டு சொல்லும் நேராக வந்துவிடுகிறதே.

ஐயா, நேராக வருவதுதான் சிக்கல். ‘ராட்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ‘ஹாட் ரோட்ஸ்டர்’ (ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரை இல்லாத திறந்த கார்) என்பது குறுகி ‘ஹாட் ராட்’ ஆனது என்பது ஒன்று. எஞ்சினுக்குள் இருக்கும் தண்டுகளில் ஒன்றைக் குறித்தது என்பது இன்னொன்று. முதல் விளக்கப்படி அங்கே தண்டே கிடையாது. ‘ஹாட்’டும் சூட்டைச் சொல்லவில்லை, வேகத்தையும் வலுவையும் சொல்கிறது. தமிழில் சூட்டுத்தண்டு என்றால் எனக்கு மாட்டுக்குச் சூடு போடும் சூட்டுக்கோல்தான் கண்ணில் வருகிறது.

> விரைவுந்து போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். விரைவாகப் போகும் கார்கள் ஆயிரம் இருக்கின்றன. ஆலையிலிருந்தே விரைவாக வருகிற பந்தயக் காரும் விரைவுந்துதான். ஹாட் ராட் அப்படி வருவதில்லை. 1930-களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் கையில் காசு அதிகம் இல்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், முன் கண்ணாடியைக் கழற்றினார்கள், எடை என்று தோன்றிய எல்லாவற்றையும் கழற்றினார்கள். அப்புறம் மோஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளுக்கு ஓட்டிப்போய், நேர்கோட்டில் எவ்வளவு வேகம் வருகிறது என்று பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை முறைப்படுத்தவும் நேரம் கணிக்கவும் 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-இல், யூட்டா மாநிலத்தின் போனவில் உப்புவெளியில் வேக வாரம் என்ற வேக ஓட்ட நிகழ்வு தொடங்கியது. முராக் இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது.

ஆக, ஊருக்கெல்லாம் பொதுவாக ஆலை செய்து விற்ற ஒரு சாதாரண வண்டியை, ஒருவர் தன் கையால் தன் தேவைக்கு வலுவேற்றிக்கொள்வதுதான் ஹாட் ராட். மாடல் ஏ ஏறத்தாழ 48 லட்சம் செய்யப்பட்டது. அன்றைக்கு மிகச் சாதாரணமான வண்டிகளில் அது ஒன்று. நம் சொல்லில் அந்த வலுவேற்றும் வேலை தெரிய வேண்டும்.

> ஒட்டுவண்டி. ஒட்டுமாங்கன்று போல.

அம்மா, இந்தச் சொல் மூன்று நாள் என்னை விடவில்லை. நடப்பதும் அதுதானே? பெரியவரின் வண்டியில் உடல் 1931. கியர்பெட்டி 1939-ஆம் ஆண்டு ஃபோர்டிலிருந்து. பிரேக் 1940-ஆம் ஆண்டு ஃபோர்டிலிருந்து. எஞ்சின் 1951-ஆம் ஆண்டு மெர்க்குரியிலிருந்து (ஃபோர்டு நிறுவனத்தின் இன்னொரு கார் வகை). மாடல் ஏ-வின் பிரேக் கம்பிகளால் இழுபடும் வகை. ஃபோர்டு 1939-இல்தான் திரவ பிரேக்குக்கு மாறியது. அதனால் அதற்குப் பிந்திய பிரேக்கைக் கழற்றிப் பழைய அச்சில் மாட்டுவது ஹாட் ராட் செய்கிறவர்களுக்கு வழிவழியாக வரும் வழக்கம். வேர்மரம் ஒன்று, கிளை வேறொன்று. உவமை அவ்வளவு பொருத்தம்.

ஆனாலும் தலைச்சொல்லாக வைக்கத் தயங்குகிறேன். ‘ஒட்டு’ என்றதும் ஒட்டுப்போட்ட சட்டைதான் பலருக்கு முதலில் தோன்றும். அதோடு, எஞ்சினுக்குச் செய்யும் வேலையைச் சொல்ல அதிலிருந்து வினைச்சொல் பிறக்கவில்லை. ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொரு வண்டிக்கு மாற்றுவதற்கு ‘எஞ்சின் ஒட்டு’ என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அது கச்சிதமாக உட்காருகிறது.

என் முன்மொழிவு முறுக்குந்து.

கயிற்றை முறுக்குகிறோம், யாழ் நரம்பை முறுக்குகிறோம், பைக்கையும் முறுக்குகிறோம். உடம்பு முறுக்கேறியிருக்கிறது என்கிறோம். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றுதான்: இருக்கிற பொருளுக்குள்ளேயே விசையை ஏற்றிவைப்பது. பள்ளிக்கூட இயற்பியலில் முறுக்குவிசை என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம். ஹாட் ராட் பாகங்கள் செய்த விக் எடெல்பிராக் 1938-இல் உருவாக்கிய இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்கு எரிபொருள் கலவையைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) ‘ஸ்லிங்ஷாட்’, அதாவது கவண், என்று பெயர். அவர்கள் மனத்திலும் இழுத்து நிறுத்திய விசைதான் இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

> முறுக்கு என்றால் தின்பண்டம் அல்லவா நினைவுக்கு வரும்?

முறுக்குவண்டி என்று வைத்தால் கட்டாயம் வரும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். முறுக்குந்து அப்படி இல்லை. பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து, சரக்குந்து என்ற வரிசையில் அது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. சரக்கு என்ற சொல்லுக்கும் வழக்கில் வேறு பொருள் உண்டு. சரக்குந்தைப் பார்த்து யாரும் மதுவை நினைப்பதில்லை. வரிசையே பொருளைக் காத்துக்கொள்ளும்.

வினைச்சொல்லும் வந்துவிடுகிறது: எஞ்சினை முறுக்கேற்று. ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது முறுக்கேற்றாத எஞ்சின். இந்த வேலையில் ஈடுபடுகிறவர் முறுக்குந்துக்காரர். இதற்குமேல் ‘-நர்’ சேர்த்து வாயில் நுழையாத சொல் செய்ய வேண்டாம்.

முறுக்கேற்றுவது என்றால் என்ன என்றும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். 1932-இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் வி-8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்தது) வைத்தது. கொள்ளளவு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். மாடல் ஏ-வின் நாலு சிலிண்டர் எஞ்சின் கொடுத்தது 40. இந்த வி-8-இல் வால்வுகள் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், அடிக்கட்டைக்குள்ளேயே இருக்கும். மேலே மூடியிருப்பது வெறும் தட்டையான மூடி. அதனால்தான் ‘ஃபிளாட்ஹெட்’ என்று பெயர். தட்டைத்தலை எஞ்சின் என்று எழுதினால் இங்கே நேர் மொழிபெயர்ப்பே போதும், கண்ணால் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த மூடியை மாற்றிக் கலவையை இன்னும் இறுக்கமாக அழுத்துவது, கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று வைப்பது, வால்வைத் தூக்கும் கேம் தண்டைப் புதிதாகச் சாணை பிடிப்பது, எல்லாம் முறுக்கேற்றம்தான். பெரியவர் மெர்க்குரி எஞ்சினைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதன் வீச்சு: 1949 முதல் 1953 வரை வந்த மெர்க்குரியில் பிஸ்டன் 4 அங்குலம் ஏறி இறங்கும், ஃபோர்டில் 3.75. கால் அங்குலத்துக்காக எட்டு மாதம் அலைந்திருக்கிறார்.

இந்த எஞ்சினில் புகை வெளியேறும் வழி அடிக்கட்டைக்குள்ளேயே சுற்றிப் போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகைவாய் மூன்றுதான்; நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்ளும். அந்தச் சூடு முழுவதும் தண்ணீருக்குப் போகிறது. தட்டைத்தலை எஞ்சினைச் சூடேறாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு முறுக்குந்துக்காரர்கள் கூட்டத்தில் தனி மரியாதை.

‘முறுக்கு’ பொருந்தும் என்று எனக்கு உறுதியானது வண்டியின் அடிச்சட்டத்தில் கை வைத்த அன்றைக்குத்தான். மாடல் ஏ-வின் அடிச்சட்டம் மெல்லிய தகட்டைப் பகர வடிவில் மடித்தது. நாற்பது குதிரைத்திறனுக்குப் போதும். அதில் வி-8-ஐ வைத்து ஓங்கி மிதித்தால் சட்டமே ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும். அதனால் திறந்திருக்கும் பக்கத்தில் தகடு வைத்து நீளவாக்கில் பற்றவைத்து, நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக்கிவிடுகிறார்கள். இதைப் பெட்டியடைப்பு என்று எழுதியிருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்து துரு. இங்கே தமிழ் நம்மை அருமையாகக் காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் எல்லாத் துருவுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் அடைமொழி போடுகிறார்கள். நாம் துரு பிடித்தது என்பது வேறு, துரு அரித்துவிட்டது என்பது வேறு. முன்னதை மேல்துரு, பின்னதை அரிதுரு என்று பிரித்தால் விளக்கமே வேண்டாம். மேல்துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். அரிதுரு வந்த தகட்டை வெட்டி எறியத்தான் வேண்டும். கதவின் அடிப்பகுதி, முன்பக்கச் சுவரின் கீழ்மூலைகள், பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகடு, மூன்றிலும் அரிதுரு. மாடல் ஏ கூபேயின் கூரை நடுவில் தகடே கிடையாது. மரச்சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய உறை. அது கிழிந்ததும் மழை உள்ளே இறங்கி, மரம் மக்கி, ஈரம் தகட்டைத் தின்றிருக்கிறது.

விற்றவர் கதவுகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்றுதான் சொன்னார். பெரியவர் காந்தம் எடுத்துப் போக மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் கதவின் கீழ் ஒரு சாண் உயரத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. சுரண்டினோம். கம்பிவலை மேல் கனமாகப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பூச்சு, பூசியிருந்தது. பட்டி என்ற சொல்லை நான் மாற்றப்போவதில்லை. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. நவீனப் பட்டி வருவதற்கு முன்னால் தகட்டின் இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கி நிரப்பி, மரக்கட்டையால் தடவி, அரம் போட்டுச் சமன் செய்தார்கள். மரபு வழியில் வேலை செய்கிற இவர் இன்றும் அப்படித்தான் செய்கிறார். ஈயப்பட்டி என்று எழுதினேன். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசனையே வந்துவிடும்.

கூபே. பிரெஞ்சில் ‘வெட்டியது’ என்று பொருள்; குதிரைவண்டிக் காலத்தில், எதிரெதிர் இருக்கை கொண்ட வண்டியில் ஒரு பாதியை வெட்டி எடுத்துவிட்டு இருவருக்கு மட்டும் இடம் வைத்ததிலிருந்து வந்தது. நமக்கும் மாட்டுவண்டியில் மொட்டை வண்டி, கூண்டு வண்டி என்ற பிரிவு உண்டு. ரோட்ஸ்டர் மொட்டை, கூபே கூண்டு. செடானும் கூண்டுதான் என்பதால் கூபேயைக் குறுங்கூண்டு என்று சொல்லலாம். பழகும்வரை கூபே என்றும் சேர்த்தே எழுதுவேன்.

‘சாப்’ என்பதற்கு வந்த ‘தலைவெட்டு’ வேண்டாம். வெட்டப்படுவது தலை இல்லை, ஜன்னல் பக்கத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஒரே அளவு, எங்கள் வண்டியில் 3 அங்குலம், வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை இறக்கித் திரும்பப் பற்றவைக்கிறார்கள். அதற்கு முன் கதவு வாயில் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெட்டியதும் கூடு நெளிந்து, கதவு பிறகு எந்தக் காலத்திலும் பொருந்தாது. மாடல் ஏ-வில் தூண்கள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் வெட்டிய முனைகள் நேருக்கு நேர் வந்து உட்காரும். பிந்திய ஆண்டுக் கார்களில் தூண் சாய்ந்திருப்பதால், இறக்கினால் முனைகள் விலகிப்போகும், கூரையையே பிளந்து நீட்ட வேண்டிவரும். கூரையிறக்கம் என்ற சொல் இரண்டு வகைக்கும் பொருந்துகிறது. உடலின் நடுவில் பட்டையாக ஒரு துண்டை எடுத்து உயரத்தைக் குறைப்பதற்கு இடைவெட்டு. இடை என்பதற்கு நடு, இடுப்பு இரண்டும் பொருளாவது இங்கே நல்லதாகப் போயிற்று.

> ‘டிரடிஷனல்’ என்பதற்குப் பாரம்பரிய என்று போடலாம்.

மரபு முறுக்குந்து என்றால் சுருக்கமாக இருக்கும். பழையதை ஆலையிலிருந்து வந்தபடியே திருப்பி வைப்பது மீட்டமைப்பு, அது வேறு வேலை. மரபு என்பது அன்றைய இளைஞர்கள் அன்றைக்குக் கிடைத்த பாகங்களைக் கொண்டு எப்படிச் செய்தார்களோ அப்படிச் செய்வது. குளிர்சாதனமும் நவீன எஞ்சினும் வைத்த வண்டிகளுக்கு முறுக்குந்து என்று மட்டும் சொன்னால் போதும்.

கடைசியாக ‘சேனல்’. தரைத்தகட்டைச் சுற்றி வெட்டி, கூடு முழுவதையும் சட்டத்தின்மேல் உட்காராமல் சட்டத்தைக் கவிந்துகொண்டு கீழே இறங்கும்படி செய்வது. நான் உடலிறக்கம் என்று எழுதிவைத்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும், குழிக்குள் சடலத்தை இறக்குவதுபோல் இருக்கிறது என்றார்கள். உண்மைதான், அப்புறம் எனக்கும் அப்படியே கேட்கிறது. கூடு என்பதிலிருந்து கூட்டிறக்கம் என்று வைத்தால், கூட்டு என்று படித்துக் குழம்புவார்களோ என்று தயக்கம். ‘கவிப்பு’ என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது. கூடு சட்டத்தைக் கவிகிறது என்பதால். தனியாக நிற்குமா, கூட்டுக்கவிப்பு என்றால்தான் புரியுமா?

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை தரைத்தகட்டை வெட்டுகிறார். அந்தப் பகுதியை எழுதுவதற்குள் உங்கள் கருத்து வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.