கரீபியன் குரூஸ்: ரோவாட்டானா, கோசுமெலா, எங்கே ஸ்கூபா பண்ணலாம்?

மணல்திட்டு:
ஜூன் மாதம் அமெரிக்காவின் கால்வெஸ்டனிலிருந்து 7 நாள் குரூஸ் (கப்பல் சுற்றுலா). கோஸ்டா மாயா (மெக்சிகோ), ரோவாட்டான் (ஹோண்டுராஸ்), கோசுமெல் (மெக்சிகோ) என்று 3 நிறுத்தங்கள். என்னிடம் ஓபன் வாட்டர் கார்டு (18 மீட்டர் வரை இறங்குவதற்கான அடிப்படை ஸ்கூபா சான்று) இருக்கிறது; கடைசியாக டைவ் செய்து 3 வருடம் ஆகிறது. மனைவிக்குப் பயிற்சி எதுவும் இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது. எங்கே இறங்கலாம், எதை விட்டுவிடலாம்? கப்பலிலேயே பதிவு செய்வதா, உள்ளூர் டைவ் கடையிலா?

நீலச்சுவர்:
கோஸ்டா மாயாவை டைவ் கணக்குல சேர்க்காதீங்க. அங்க ஜெட்டி திறந்த கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. காத்து கூடினா கப்பல் நிக்காமலே போயிடும்.

மீதி ரெண்டுல ரோவாட்டான்தான் உங்களுக்கு. பவளத்திட்டு கரையை ஒட்டியே ஓடுது, படகுப் பயணம் குறைவு. மிதவையில படகைக் கட்டிட்டு இறங்குவாங்க, நீரோட்டமும் பெரும்பாலும் லேசாதான் இருக்கும்.

கோசுமெல்ல பண்றது ட்ரிஃப்ட் டைவ். நீரோட்டம் உங்களைக் கொண்டுபோகும், படகு குமிழியைப் பாத்துப் பின்னாலயே வரும். சான்டா ரோசா மாதிரி, பவளத்திட்டு சுவர் போல செங்குத்தா இறங்கற இடங்கள்ல காலுக்குக் கீழ தரையே தெரியாது. ஒரே ஆழத்துல மிதந்து நிக்க வரலைன்னா 18 மீட்டரைத் தாண்டினதே தெரியாம இறங்கிடுவீங்க. போட்டோவுக்காக ஓட்டத்தை எதிர்த்து உதைச்சா சிலிண்டர் மடமடன்னு காலியாகும். பவளத்திட்டுக்குப் பின்னால ஒதுங்கி நில்லுங்க, இல்லைன்னா போட்டோவை விட்டுட்டுப் போங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்ல நீச்சல் குளத்துல ஒரு ரிஃப்ரெஷர் (மறுபயிற்சி) முடிச்சு லாக் புக்ல (டைவ் பதிவேட்டுல) எழுதி வாங்கிடுங்க. 6 மாசமோ ஒரு வருஷமோ டைவ் பண்ணாம இருந்தா பல கடைகள் அதைக் கேக்கும். ரொம்ப நாள் கழிச்சு இறங்கறவங்க பயத்துல, கீழ இறங்க உதவற ஈய எடையைக் கூடுதலா கட்டிக்குவாங்க. அதைச் சரிக்கட்ட பிசிடிக்குள்ள (காத்து அடைச்சு மிதக்கிற சட்டைக்குள்ள) காத்து அதிகம் அடைக்கணும். மேல வரும்போது அந்தக் காத்து விரிஞ்சு விருட்டுன்னு தூக்கிடும். முதல் டைவ்லயே பாத்துக்குங்க: பிசிடியைக் காலி பண்ணி, சாதாரணமா மூச்சை இழுத்து நிறுத்தினா தண்ணி கண் மட்டத்துக்கு வரணும். அலுமினிய சிலிண்டர் காலியாக ஆக மிதக்க ஆரம்பிக்கும். அதனால முழு சிலிண்டரோட பாத்திருந்தா 2 கிலோ சேத்துக்கணும்.

துறைமுகவாசி:
இதில் கடிகாரம்தான் பெரிய விஷயம். ஹோண்டுராஸில் கோடைகால நேரமாற்றம் கிடையாது. ஜூனில் கப்பல் கால்வெஸ்டன் நேரத்திலேயே ஓடினால், ரோவாட்டான் 1 மணி நேரம் பின்தங்கி இருக்கும். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும்; அது 3 காட்டும்போது கப்பலில் 4. கப்பலைத் தவறவிடுவது இப்படித்தான். கப்பல் நேரத்தில் ஓடும் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள். கோசுமெல் ஜூனில் கால்வெஸ்டனோடு ஒத்துப்போகும். குளிர்காலத்தில் 1 மணி நேரம் முந்தி இருக்கும், அப்போது டைவ் படகைத்தான் கோட்டை விடுவீர்கள்.

இரண்டு சிலிண்டர் பயணத்துக்குக் கணக்கு: கப்பலிலிருந்து இறங்கிக் கடைக்குப் போக 45 நிமிடம், படிவமும் உபகரணமும் 30, படகு 30, டைவ் 45, தண்ணீருக்கு மேலே ஓய்வு 60, மறுபடி டைவ் 45, திரும்ப 45. மொத்தம் 5 மணி நேரம். அதற்கு மேல் 2 மணி நேரமாவது கையில் இல்லையென்றால் உள்ளூர் கடை வேண்டாம். கப்பலில் பதிவு செய்யுங்கள். தன் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், உங்கள் சொந்த ஏற்பாட்டுக்குக் காத்திருக்காது. நேரம் இருந்தால் உள்ளூர் கடையே மேல்: பலரும் 6, 8 பேர் கொண்ட சிறிய படகில்தான் கூட்டிப்போவார்கள்.

பாசிமணி:
உங்க மனைவிக்கு அறிமுக டைவ் போதும். பயிற்சியாளர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்கு மேல் இறங்க விடமாட்டார். நீங்கள் இருவரும் வேறு வேறு குழுவாகத்தான் போவீர்கள், அதை முன்னாடியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பாதியில் மேலே வருவது பெரும்பாலும் தண்ணீர் அழுத்தத்தால் வரும் காது வலியால்தான். வலி வந்தபிறகு மூக்கைப் பிடித்து ஊதிப் பயனில்லை. தலை தண்ணீருக்குள் போனவுடனே ஆரம்பித்து, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யவேண்டும். சளி இருந்தால் அன்றைக்கு ஸ்நார்கெல் மட்டும்.

மருத்துவப் படிவத்தை இப்போதே இறக்கிப் படியுங்கள். ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டர் கையெழுத்து தேவைப்படும். அதைப் படகில் ஏறும்போது தேடமுடியாது.

டைவ் செய்தபின் உடலில் நைட்ரஜன் குமிழிகளால் வரும் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை கப்பலில் கிடையாது. ரோவாட்டானிலும் கோசுமெலிலும் உண்டு, ஆனால் அந்த நோயின் மூட்டு வலி, மரமரப்பு எல்லாம் கப்பல் கிளம்பிய பிறகுகூட வரலாம். வந்தால் சோர்வு என்று படுக்காமல் உடனே கப்பல் மருத்துவரிடம் போய் ஆக்சிஜன் கேளுங்கள். பல பயணக் காப்பீடுகள் ஸ்கூபாவை விலக்கியிருக்கும். டைவிங்குக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள்.

மணல்திட்டு:
நன்றி. அப்படியென்றால் ரோவாட்டானில் நான் 2 டைவ், மனைவிக்கு அறிமுக டைவ். கோசுமெலை அங்கே இறங்கிப் பார்த்தபிறகு முடிவு செய்கிறேன். கால்வெஸ்டனிலிருந்து விமானம் பிடிக்க வேண்டும், பிரச்சினை வருமா? என்னென்ன எடுத்து வரலாம்?

நீலச்சுவர்:
ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் கழிச்சுதான் விமானம் ஏறணும். கோசுமெலுக்கு அப்புறம் முழுசா ஒரு கடல் நாள் இருந்தா கவலை இல்லை. மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம் காட்டற கருவி) ரெண்டும் உங்களோடதா இருக்கட்டும், மத்ததை வாடகைக்கு எடுங்க. கத்தி வேண்டாம்: கப்பல் சோதனையில மாட்டும், கோசுமெல் கடல் பூங்காவுலயும் கத்தி, கையுறை ரெண்டுக்கும் தடை.