சிங்கமுகப் பிடி கொண்ட குடும்ப வாள்: இதன் பிறப்பிடத்தை எவ்வாறு அறிவது?

யாழினி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூட்டனார் பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணப் பகுதியில் முதலியார் பட்டம் பெற்றவர். அவருடையது என்று வீட்டில் சொல்லப்பட்டு வந்த ஒரு வாள், அம்மப்பாவின் மறைவுக்குப் பிறகு என் பொறுப்பில் வந்திருக்கிறது. முழு நீளம் 27 அங்குலம். அதில் அலகு மட்டும் 21 அங்குலம். அலகு மெல்ல வளைந்து, ஒரு பக்கம் மட்டும் கூருடையது. கறுத்த கொம்பால் ஆன பிடியின் மேல் வெள்ளித் தகடு போர்த்தியிருக்கிறது. பிடியின் முடிவில் வாய் பிளந்த சிங்கத்தலை உள்ளது. அதன் கண்களில் ஒன்றில் சிவப்புக் கல் இருக்கிறது, மற்றொன்றில் கல் விழுந்துவிட்டது. கையைக் காக்கும் வளைவுகளின் நுனிகளிலும் சிறிய விலங்குத் தலைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

பழம்பொருள் வணிகர் ஒருவர் இதைப் பார்த்ததும் கண்டி அரசரின் வாள் என்றார். பெரிய மாமா இது போர்த்துக்கேயருடையது என்கிறார். அம்மாவோ, கோயில் தூணில் உள்ள யாளி போல் இருக்கிறதே என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி? விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பொருள் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

பழம்படை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். தாங்கள் விவரிக்கும் வாளுக்குக் கஸ்தானே என்று பெயர். இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பதும் இவ்வகை வாளைத்தான். ஆனால் பெயர் தெரிந்துவிட்டதால் பிறப்பிடம் தெரிந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். ஒரு பழைய வாளை ஒரே பொருளாகப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அலகு ஓரிடத்தில் அடிக்கப்பட்டிருக்கும், பிடி வேறோரிடத்தில் வார்க்கப்பட்டிருக்கும், உறை இரண்டு தலைமுறை கழித்துச் செய்யப்பட்டிருக்கும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே கேள்வி கேட்க வேண்டும்.

முதலில் பிடி. தங்கள் வாளின் காப்பில், விரல்களை மறைக்கும் வளைவைத் தவிர, அலகை நோக்கி முன்பக்கம் வளைந்த இரு சிறு கிளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்களில், குறுக்குக் காப்பைத் தாண்டி முன்னே நீட்டிய சுட்டுவிரலைக் காப்பதற்காக இத்தகைய கிளைகளை வைத்தார்கள். கஸ்தானேயில் அவை மிகச் சிறியவை. விரலைக் காக்கும் வேலையைச் செய்வதில்லை. பயன் போய் வடிவம் மட்டும் தங்கிவிட்டது. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரைக்கு வந்தவர்கள் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், பெரிய மாமா சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருப்பது தெரியும். வட ஆபிரிக்காவின் நிம்ச்சா வாளிலும் இதே அமைப்பைக் காணலாம். ஆகவே கடல்வழியே பல கரைகளுக்குப் பரவிய வடிவம் இது.

இந்த வடிவம் எவ்வளவு பழையது என்பதற்கு எதிர்பாராத இடத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. ஜப்பானின் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில், இலங்கைப் பாணியில் அமைந்த பிடியுடைய குறுவாள் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவுக்குத் தூது சென்று 1620இல் நாடு திரும்பிய ஹசெகுரா சுனெனாகா, தம் தலைவர் தாதே மசமுனேவுக்காகக் கொண்டுவந்த பொருள்களில் அது ஒன்று. ஆகவே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பாணி முதிர்ந்து, இலங்கைக்கு வெளியேயும் சென்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்தது அலகு. கஸ்தானேக்களில் பல, ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுகளைக் கொண்டவை. பிடிக்கு அருகே, அலகின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஏதேனும் எழுத்தோ குறியோ தெரிகிறதா என்று சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் புளியோ எலுமிச்சையோ மணற்காகிதமோ போட்டுத் தேய்க்காதீர்கள். பிடியைக் கழற்றவும் முயலாதீர்கள். மங்கிப்போன குறியை ஒரே நாள் மெருகூட்டலில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலைநாட்டு வாசகன் எழுதியது:

மேலே உள்ள பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும், காப்பின் வடிவத்தை மட்டும் வைத்து இவ்வாளை மேலைநாட்டுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காப்பு என்ற எலும்புக்கூடு வெளியிலிருந்து வந்திருக்கலாம். அதன்மேல் உள்ள தசை முழுவதும் உள்ளூர்க் கம்மியருடையது. சுருண்டு சுருண்டு ஓடும் கொடிவேலை, பிளந்த வாய், பிதுங்கிய கண், சுருள் பிடரி ஆகியவற்றை விகாரை வாசல்களின் மகர தோரணங்களிலும் தந்தப் பேழைகளிலும் அப்படியே காணலாம். பிடியில் இருப்பது சிங்கம் என்று பொதுவாகச் சொன்னாலும், காப்பு நுனிகளில் உள்ள தலைகளை மகரம் என்பாரும் சேரபெண்டியா என்னும் கற்பனைப் பறவை விலங்கு என்பாரும் உண்டு. தங்கள் தாயாருக்கு யாளி நினைவுக்கு வந்தது வியப்பன்று; தமிழகக் கோயில்களும் இலங்கைக் கோயில்களும் விகாரைகளும் நெடுங்காலம் பகிர்ந்துகொண்ட உருவங்கள் இவை. ஆயினும் இந்த ஒற்றுமையைக் கொண்டு வாள் தமிழகத்தில் செய்யப்பட்டது என்று முடிவு கட்ட இயலாது.

கண்டி அரசரின் வாள் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்றவற்றில் பொன் வேலைப்பாடுள்ள கஸ்தானே ஒன்றும் இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அதனையும் வேறு ஐந்து பொருள்களையும் நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. அரசவை வாளின் தரம் என்ன என்பதை அதைப் பார்த்தால் உணரலாம். மற்றபடி கஸ்தானே, பதவியில் இருந்தவர்கள் அணியும் தகுதிச் சின்னமாகவே மிகுதியும் வழங்கியது. அரசர் தம் அதிகாரிகளுக்கு அளித்த இந்த வழக்கத்தை ஒல்லாந்தரும் பிரித்தானியரும் தொடர்ந்தார்கள். முதலியார் ஒருவரின் வீட்டில் வெள்ளிப்பிடிக் கஸ்தானே இருப்பது முற்றிலும் இயல்பானது. அரசர் பெயரை ஒட்டினால் விலை ஏறும் என்பதை வணிகர்கள் அறிவார்கள். அந்தப் பேச்சைத் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

காவிரிக்கரையான் எழுதியது:

ஒரு சிறு ஒப்பீடு. தக்காணத்திலும் தஞ்சை மராத்தியர் ஆட்சியிலும் ஐரோப்பிய அலகுக்கு உள்ளூர்ப் பிடி பொருத்திய வாளைப் பிரங்கி என்றே அழைத்தார்கள். பறங்கியர் அலகு என்பதே பெயருக்குக் காரணம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த படைக்கலங்கள் இருக்கின்றன. உயர்ந்த உருக்கு செய்த நாட்டிலேயே அயல் அலகை விரும்பி வாங்கினார்கள் என்பது பலருக்கு ஏற்கக் கடினமாக இருக்கிறது. ஆனால் பழந்தமிழ் ஊரான கொடுமணலில் உருக்கு செய்ததும் உண்மை, பிரங்கியை விரும்பியதும் உண்மை.

யாழினி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பக்கம் வளைந்த இரு கிளைகளும் இருக்கின்றன. அவற்றின் நுனியிலும் தலைகள் உள்ளன. இன்று காலை முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது, அலகின் ஒரு பக்கத்தில் பெரிய ஆங்கில வி எழுத்தும், அதன் இரு கால்களிலும் கோத்தாற்போல் ஓ, சி எழுத்துகளும், அவற்றுக்கு மேலே ஒரு ஏ எழுத்தும் மங்கலாகத் தெரிந்தன. அப்படியானால் இது ஒல்லாந்தர் வாளா?

பழம்படை எழுதியது:

ஒல்லாந்தர் அலகு என்று சொல்லுங்கள். அந்த மூன்று எழுத்துகளும் 1602 முதல் 1799 வரை இருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரை. மேலே உள்ள ஏ, அக்கும்பனியின் ஆம்ஸ்டர்டாம் பிரிவைக் குறிக்கும். முத்திரை மெய்யானதாயின் அலகு 1799க்குப் பிற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் இதே முத்திரையைப் பிற்காலத்தில் போலியாகப் பொறித்ததும் உண்டு; ஆகவே எழுத்துகளின் ஓரம் அலகின் மற்றப் பகுதியைப் போலவே தேய்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். மெய்யான பழைய அலகையே எடுத்து 19ஆம் நூற்றாண்டில் புதுப் பிடியில் பொருத்தியிருக்கவும் கூடும். தங்கள் பூட்டனார் பிரித்தானியர் காலத்தவர் என்பதால், இந்த வழியையே நான் முதலில் ஆராய்வேன்.

அதற்கு வாளைவிடக் காகிதம் உதவும். 1802 முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியில் பட்டமளிப்புகளைத் தேடலாம். பழைய இதழ்களைக் கொழும்பில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பூட்டனார் முதலியார் உடையில் எடுத்துக்கொண்ட நிழற்படம் ஏதேனும் உறவினர் வீட்டில் இருந்தால், இடுப்பில் தொங்கும் வாளின் பிடியை இதனுடன் ஒப்பிடுங்கள். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடம் தராது என்பதையும் வெளிநாட்டில் உள்ள உறவினர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கல் விழுந்த கண்ணில் புதுக் கல் பதிக்க வேண்டாம். நிழற்படம் கிடைத்தால் இதே இழையில் தெரிவியுங்கள்.