ஹைட்ரஜன் செல்லுக்கு உப்பா, காஸ்டிக் சோடாவா?

கேள்வி: தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க, 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு ஸ்டெயின்லெஸ் தகடுகளை இணைத்து உப்புத்தண்ணீரில் வைத்தேன். தண்ணீர் பழுப்பாகிவிட்டது, நீச்சல்குள நெடி வேறு. எதை மாற்றணும்?

பதில்: முதலில் நிறுத்துங்கள் சார். அந்த நெடி குளோரின். பழுப்பு, தகடு அரித்துக் கரைந்தது. அதில் குரோமியமும் இருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். உப்புக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது காஸ்டிக் சோடா போடுங்கள், அது தீர்ந்துபோகாது, தண்ணீர் குறையும்போது காய்ச்சி வடித்த நீர் மட்டும் விட்டால் போதும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பதில்: தகடு 316எல் (எளிதில் அரிக்காத ஸ்டெயின்லெஸ் ரகம்) வாங்குங்கள். ஒரு செல்லுக்கு, அதாவது அடுத்தடுத்த இரண்டு தகடுகளுக்கு இடையே, 2 வோல்ட்தான் தேவை, 12ஐ நேராகக் கொடுத்தால் மீதியெல்லாம் சூடு. நடுவில் ஒயர் கொடுக்காத 5 தகடுகளை நுழைத்தால் 6 செல் ஆகிவிடும், ஒவ்வொன்றுக்கும் 2 வோல்ட்.

கேள்வி: சரி, வாயுவை கேனில் பிடித்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! ஆக்சிஜனும் கலந்தே வருகிறது, ஒரு பொறி போதும். பப்ளர் (வாயு தண்ணீருக்குள் குமிழியாகப் போய் வெளியேறும் பாட்டில்) வழியாக வெட்டவெளியில் விடுங்கள்.