ஆப்களைத் தள்ளி மூடுவது லாபமா நட்டமா? பார்த்ததைப் பகிருங்கள்

சர்வீஸ்_மேசை:
ரீசன்ட் திரையை (சமீபத்தில் திறந்த ஆப்கள் அட்டைகளாக நிற்கும் இடம்) திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி, கடைசியில் ‘கிளியர் ஆல்’. பேட்டரி மிச்சமாகும் என்று நாளைக்கு இருபது முறை இதைச் செய்கிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், யாரும் மூடாத ஆப் தானாகவே செத்துப்போய் வேலை கெடுகிறது. எந்த வேலை எங்கே அறுந்தது, எதை மாற்றியதும் சரியானது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். ஆண்ட்ராய்டு பதிப்பும் ரேம் அளவும் சேர்த்துச் சொன்னால் உதவி.

அடிக்கடி கண்ணில் படுவதிலிருந்து தொடங்குகிறேன். 3, 4 ஜிபி ரேம் போன். பணம் கட்டும் பக்கம் திறந்திருக்கிறது, ஓடிபி வருகிறது. மெசேஜ் ஆப்புக்குப் போய் எண்ணைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நொடி வெள்ளைத் திரை, பிறகு ஆப்பின் முகப்பு. பணம் போனதா இல்லையா என்றே தெரியாது. ரீசன்ட் அட்டையில் தெரிவது வெறும் படம். பின்னால் உயிர் இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி அல்ல. போனை அணைத்து எழுப்பினாலும் அட்டைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தீர்வு சுலபம்: ஆப்பை விட்டு வெளியே போகாதீர்கள். மேலிருந்து நோட்டிபிகேஷன் திரையை இழுங்கள். அது திரைச்சீலை மாதிரிதான், கீழே பணம் கட்டும் பக்கம் முன்வரிசையிலேயே இருக்கும். எண்ணைப் பார்த்து, சீலையைத் தள்ளிவிட்டு அடியுங்கள். பல போன்களில் அந்த நோட்டிபிகேஷனிலேயே காபி பட்டனும் வரும்.

கெர்னல்_கிறுக்கன்:
மேலே சொன்னதற்குக் காரணம் எண்ணிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு மதிப்பெண் போடும். திரையில் இருப்பதற்கு 0, காதில் ஓடும் பாட்டுக்கு 200, ஹோம் ஸ்கிரீனுக்கு 600, சற்றுமுன் விட்டுவந்த ஆப்புக்கு 700, அதற்கும் முந்தியவை எல்லாம் 900-க்கு மேல். மெமரி இறுகினால் பெரிய எண்ணிலிருந்து வெட்டு விழும்.

ஓடிபி பார்க்கப் போன இடத்தில் வாட்ஸ்அப்பையும் ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள் என்று வையுங்கள். இப்போது ‘சற்றுமுன் விட்டுவந்த ஆப்’ என்ற இடம் மெசேஜுக்குப் போய்விடும். பணம் கட்டும் ஆப் 900-க்குத் தள்ளப்படும், வெட்டுக்கு முதல் வரிசை. நடுவில் கேமரா திறந்தால் இன்னும் மோசம். படங்களுக்கான இடத்தை அது மொத்தமாக வாங்கிக்கொள்ளும்.

மூடினால் பேட்டரி மிச்சம் என்பதும் தவறு. ரேம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். மூடிய ஆப்பைத் திரும்பத் திறக்கும்போது முழுவதையும் ஸ்டோரேஜிலிருந்து படித்து எழுப்ப வேண்டும், செலவு அங்கேதான். 2016-ல் ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சலில் கேட்டதற்கு ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி கொடுத்த பதிலும் இதுதான்: ஆப்களை மூடுவதால் பேட்டரி கூடாது.

தள்ளி மூட வேண்டிய சமயம் ஆப் உறைந்துபோனால் மட்டும். வழிகாட்டும் மேப், இருப்பிடம் பகிரும் ஆப் போன்றவற்றை அட்டையைத் தள்ளி நிறுத்தாதீர்கள், உள்ளே போய் ‘முடி’ கொடுங்கள்.

தோட்டத்து_ஆப்பிள்:
ஐபோன் பக்கம் யாரும் எழுதவில்லையே. அங்கே கட்டுப்பாடு தொடக்கத்திலிருந்தே பயனர் கையில் இல்லை, அது திட்டமிட்ட முடிவு. 2010-ல் ஐஓஎஸ் 4 வரும் வரை வெளியார் ஆப் எதுவும் பின்னணியில் ஓட முடியாது. வந்தபோதும் பாட்டு, இணைய அழைப்பு, இருப்பிடம் என்று ஏழு வகை வேலைக்கு மட்டும் வாசல் திறந்தார்கள். ஓடும் ஆப்களைப் பார்த்து மூட டாஸ்க் மேனேஜர் ஒன்று தேவைப்பட்டால் அந்த வடிவமைப்பே தோல்வி என்பது அதை அறிமுகப்படுத்திய மேடையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன கருத்து.

எளிமைக்குக் கொடுத்த விலையை இதில் பாருங்கள். ஆப்பை விட்டு வெளியே வந்தபின் தொடங்கிய வேலையை முடிக்க ஐஓஎஸ் 4-ல் கிடைத்த அவகாசம் சுமார் 10 நிமிடம். ஐஓஎஸ் 7-ல் அது 3 நிமிடம் ஆனது, ஐஓஎஸ் 13-ல் அரை நிமிடம். பயனருக்கு யாரும் சொல்லவில்லை. வெளியார் கிளவுடுக்கு ஆயிரம் படம் ஏற்றுகிறவர்களுக்கு ‘ஏன் பாதியில் நிற்கிறது’ என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

அப்படிப் பெரிதாக ஏற்ற வேண்டுமானால்: சார்ஜரில் போடுங்கள், லோ பவர் மோடை அணையுங்கள் (அது இருந்தால் ஆட்டோ லாக் 30 நொடியில் பூட்டிக்கொள்ளும், மாற்றவும் விடாது), டிஸ்பிளே செட்டிங்கில் ஆட்டோ லாக்கை ‘நெவர்’ ஆக்குங்கள், ஆப்பைத் திரையிலேயே விடுங்கள். முடிந்ததும் ஆட்டோ லாக்கைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள். ஐஓஎஸ் 26-ல், பயனரே தொடங்கிய நீண்ட வேலை பின்னணியிலும் தொடர ஒரு வழி வந்திருக்கிறது. முன்னேற்றம் திரையில் தெரியும், நிறுத்தவும் முடியும். ஆனால் ஆப்பை எழுதியவர் அதைச் சேர்த்திருந்தால்தான்.

ஐபோனில் தள்ளி மூடினால் இன்னொரு நட்டமும் உண்டு. நீங்கள் திரும்பத் திறக்கும் வரை அந்த ஆப்புக்குப் பின்னணிப் புதுப்பிப்பு கிடையாது. மெசேஜ் வந்தது என்று நோட்டிபிகேஷன் காட்டும், உள்ளே போனால் ‘லோடிங்’ சுற்றும். நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

மணியோசை:
அண்ணா, எல்லாம் சரி. மாத்திரை ஞாபகப்படுத்துற ஆப் ராத்திரி மட்டும் லேட்டா அடிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஆப் மேல தப்பா, போன் மேல தப்பா? பகல்ல ஒழுங்கா அடிக்குதே.

சர்வீஸ்_மேசை:
தம்பி, பகலில் ஒழுங்கு, இரவில் தாமதம் என்றால் முதல் சந்தேகம் ஆண்ட்ராய்டின் ‘டோஸ்’ (Doze) என்ற தூக்க ஏற்பாட்டின் மேல்தான். ஆண்ட்ராய்டு 6-ல் (2015) வந்தது. திரை அணைந்து, சார்ஜரும் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போனைத் தூங்கவைத்து, எல்லா ஆப்பின் வேலைகளையும் சேர்த்து எப்போதாவது ஒருமுறை எழுப்பிவிடும். மேஜையில் கிடக்கும் போனுக்கும் பையில் ஆடும் போனுக்கும் வித்தியாசம் வருவது இதனால்தான். டோஸை மீறி அடிக்கும் சாதா அலாரத்துக்கும் ஓர் ஆப்புக்கு 9 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுமதி.

பார்க்க வேண்டிய வரிசை. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் ஆப் அனுமதிகளில் ‘அலாரம் அண்ட் ரிமைண்டர்ஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் துல்லியமான நேரத்துக்கு அடிக்க அந்த ஆப்புக்கு உரிமையே இல்லை. அடுத்து ஆப் இன்ஃபோவில் பேட்டரியைத் தொட்டு ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’. அதே பக்கத்தில் கீழே, பயன்படுத்தாவிட்டால் ஆப்பை நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். சில மாதம் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு 11-லிருந்து தானாகவே பறித்துவிடுகிறார்கள். அவசர உதவி ஆப், வெள்ள எச்சரிக்கை ஆப் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை திறப்பவைதானே. தேவைப்படும் நாளில் அனுமதி இருக்காது.

இவ்வளவும் செய்தும் அடிக்கவில்லை என்றால் போன் கம்பெனி தன் பங்குக்குப் போட்ட அடுக்கு இருக்கிறது. சாம்சங்கில் பேட்டரிக்குள் ‘ஸ்லீப்பிங் ஆப்ஸ்’, ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’, ‘நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ என்று மூன்று பட்டியல். கடைசிப் பட்டியலில் சேருங்கள். ஷாவ்மியில் ‘ஆட்டோஸ்டார்ட்’ தனி அனுமதி, பேட்டரியில் ‘நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ தனி. இரண்டும் வேண்டும், ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பல போன்களில் ரீசன்ட் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டுச் சின்னம் வரும்; பூட்டிய ஆப் ‘கிளியர் ஆல்’ அடித்தாலும் போகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரவு முழுக்கச் சோதியுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்றால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

பழைய_நோக்கியா:
மெனு பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓடும் ஆப்கள் வரிசையாக வரும், வேண்டாததை அழித்துவிடலாம்: அது பழைய நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன் இயங்குதளம். மெமரி தீர்ந்தால் ‘சில ஆப்களை மூடுங்கள்’ என்று போனே கேட்கும். முழுக் கட்டுப்பாடு, முழுத் தலைவலி. அட்டைகளை மேலே தள்ளி மூடும் பழக்கத்தைப் பரப்பியது 2009-ல் வந்த பாம் (Palm) கம்பெனியின் வெப்ஓஎஸ் இயங்குதளம். அங்கே அட்டை என்றால் நிஜமாகவே ஓடும் ஆப், தள்ளினால் நிஜமாகவே மூடும். இன்றைய போன்கள் சைகையை எடுத்துக்கொண்டு அர்த்தத்தை விட்டுவிட்டன. மக்கள் குழம்புவதில் வியப்பில்லை.

தோட்டத்து_ஆப்பிள்:
அப்படியானால் எளிமைதானே சரி? பெற்றோர் போனில் இத்தனை செட்டிங்கை யார் போய்ப் பார்ப்பது?

கெர்னல்_கிறுக்கன்:
எளிமை தப்பில்லை நண்பரே. காரணம் சொல்லாமல் கொல்வதுதான் தப்பு. ஆண்ட்ராய்டு 13 ஒரு நல்ல நடுவழி பிடித்தது. நோட்டிபிகேஷன் திரையை முழுசாக இழுத்தால் அடியில் ‘ஆக்டிவ் ஆப்ஸ்’ என்று எண்ணிக்கை வரும். தொட்டால் இப்போது நிஜமாகப் பின்னணியில் உழைக்கும் ஆப்கள் மட்டும், எவ்வளவு நேரமாக என்பதோடு, பக்கத்தில் ‘ஸ்டாப்’. சில கம்பெனி போன்களில் இடம் மாறியிருக்கும். பேட்டரி இறங்குகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். ரீசன்டில் நிற்கும் நாற்பது அட்டைகளில் பெரும்பாலானவை வெறும் படங்கள்.

இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து ‘ரன்னிங் சர்வீசஸ்’ பாருங்கள். அதே இடத்தில் ‘பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்’ என்று ஒன்று கண்ணைக் கவரும். அதைத் தொடாதீர்கள். ‘நோ பேக்ரவுண்ட்’ வைத்தால் ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழும்பும், ஓடிபி கதை எல்லா ஆப்புக்கும் வரும். தவறிப் போட்டவர்களுக்கு ஆறுதல்: ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

மணியோசை:
அண்ணா, விளம்பரத்துல 4+4 ஜிபின்னு போடுறாங்களே, அத ஆன் பண்ணா ஆப் சாகாதா?

கெர்னல்_கிறுக்கன்:
கூட்டலுக்குப் பின்னால் வரும் 4 ரேம் அல்ல, ஸ்டோரேஜில் வெட்டியெடுத்த இடம். ரேமைவிடப் பல மடங்கு மெதுவு. ஆப் சாகாமல் இருக்கலாம், ஆனால் திரும்பி வரும்போது திணறும். 64 ஜிபி போனில் 4 ஜிபி இழப்பதும் சின்ன விஷயமில்லை, அதில் ஓயாமல் எழுதுவதும் ஸ்டோரேஜுக்கு நல்லதில்லை. அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அணைத்ததும் ரீஸ்டார்ட் கேட்கும்.

சர்வீஸ்_மேசை:
ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ என்பது தள்ளி மூடுவதைவிடக் கடுமையானது. நீங்களே கைப்படத் திறக்கும் வரை அந்த ஆப்புக்கு மெசேஜ், அலாரம் எதுவும் போகாது. சில கம்பெனி போன்களில் அட்டையைத் தள்ளினாலே ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. உங்கள் போன் எந்த ரகம் என்று பார்க்க: சாட் ஆப்பைத் தள்ளி மூடி, திரையை அணைத்து, இன்னொரு எண்ணிலிருந்து மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் வந்தால் பயமில்லை. ஆப்பைத் திறந்த பிறகுதான் மொத்தமாகக் கொட்டுகிறது என்றால் அந்த ஆப்பை ரீசன்டில் பூட்டிவையுங்கள். பெரிய அப்டேட் வந்த அன்று இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆட்டோஸ்டார்ட்டும் பேட்டரி விதிவிலக்கும் சில சமயம் சத்தமில்லாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மணியோசை:
இப்பவே பண்ணிப் பாத்தேன். ஆண்ட்ராய்டு 14, 6 ஜிபி. மூணு மெசேஜும் ஆப்பைத் திறந்த பிறகுதான் வந்துச்சு. பூட்டு போட்டுட்டு மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கேன்.