ஈஸ்ட்ரோஜன் ஜெல் பயன்படுத்துபவர்கள் இருக்கிறீர்களா?

தோழிகளே, வணக்கம். என் அக்காவுக்கு வயது 39. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) முற்றிப்போய் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது நடுராத்திரியில் முகமெல்லாம் தீயாய்ச் சுட, நைட்டி பிழியப் பிழிய வியர்த்து எழுந்து உட்காருகிறாள். உடம்பின் சூட்டைச் சீராக வைக்கும் மூளைப் பகுதிக்கு, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் திடீரென நின்றுபோனதால்தான் இப்படி என்றார் டாக்டர். எலும்பு கரைவதைத் தடுப்பதும் அதே ஹார்மோன்தான் என்பதால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது ஜெல் தடவச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எல்லோரும் "புற்றுநோய் வரும், வேண்டாம்" என்கிறார்கள். 2002இல் வந்த அமெரிக்க ஆய்வுதான் இந்தப் பயத்துக்கு மூலம். அதில் மார்பகப் புற்றுநோய் கூடியது ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோனையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு. அவர்கள் எல்லோருமே 50 முதல் 79 வயதுக்காரர்கள். கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அந்த ஆய்வில் அது கூடவில்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை, மனசு கிடந்து தவிக்கிறது.

மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடும், தோல் வழி ஜெல்லில் அது குறைவு என்பதும் தெரியும். தெரியவேண்டியது உங்கள் அனுபவம். எத்தனை நாளில் தூக்கம் வந்தது? சின்ன ஊர்களில் ஜெல் தடையில்லாமல் கிடைக்கிறதா? கையில் தடவியபின் குழந்தையைத் தூக்க எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? அவளுக்கு நாலு வயசுப் பையன். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தவர்களும் சொல்லுங்கள்.