பிஆர்சியிலிருந்து வருபவரிடம் என்னதான் கேட்கலாம்?

சாக்பீஸ் தூள்:
வணக்கம். இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஈராசிரியர் பள்ளி. 1 முதல் 3 வரை என்னிடம், 19 பிள்ளைகள். வட்டார வள மையத்திலிருந்து (பிஆர்சி) ஆசிரியர் பயிற்றுநர் வருகிறார், பின்னால் உட்கார்ந்து ஆப்பில் எதையோ டிக் அடிக்கிறார், நாலு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிடுகிறார். போன தடவை "அரும்பு நிலைப் பிள்ளைங்க அதிகமா இருக்காங்களே டீச்சர்" என்றார். அரும்பு என்றால் அடிப்படையே இன்னும் பிடிபடாதவர்கள், மொட்டு அதற்கு அடுத்த நிலை, மலர் அதற்கும் மேல். அது எனக்குத் தெரியாதா? அரும்போடு உட்கார்ந்தால் மொட்டும் மலரும் சந்தைக்கடை ஆகிவிடுகிறது, அதற்கு என்ன வழி என்றுதான் தெரியவில்லை. இவர் அதிகாரியா, உதவிக்கு வருபவரா? இன்னொன்று, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. அதையும் இவரிடம் சொல்லலாமா?

பழைய பயிற்றுநர்:
ஆறு வருடம் அந்த வேலை பார்த்துவிட்டுப் பட்டதாரி ஆசிரியராகப் பள்ளிக்கு வந்தவன் நான். உங்கள் சம்பளம், விடுப்பு, பணிப்பதிவேடு எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் பக்கம், பயிற்றுநருக்கு அதில் அதிகாரம் கிடையாது, பயப்படாதீர்கள். 1994ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது வள மையம் என்று வைத்ததே ஆசிரியருக்குப் பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும் என்றுதான். அப்புறம் எஸ்எஸ்ஏ என்ற அனைவருக்கும் கல்வி இயக்கம், 2018லிருந்து சமக்ர சிக்ஷா என்று பெயர் மாற மாற, கணக்கெடுப்பும் படிவமும் ஏறிக்கொண்டே போய்த் துணை ஓரமாகிவிட்டது.

முந்தின நாளே போன் போட்டு, "சார், நாளைக்கு மலர் குழுவுக்குக் கழித்தல் நீங்க எடுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். என்னிடம் ஒரு டீச்சர் அப்படிக் கேட்டார். 42லிருந்து 17ஐக் கழிக்க, கடன் வாங்குவதைச் சொல்லப்போய்த் திணறிவிட்டேன். அடுத்த முறை தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துப்போனேன், ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியதும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

மூன்றாம் பெஞ்ச்:
அந்தப் பையன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள் டீச்சர். பிஆர்சியில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு மருத்துவ முகாமும் நடத்துவார்கள், தேவைப்பட்டால் காதொலிக் கருவி, அடையாள அட்டைக்கெல்லாம் அங்கிருந்துதான் வழி. வாய்மொழியாகச் சொன்னால் மறந்துபோகும், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் பேசுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணை மந்தம் என்று சொல்லியே ஒரு வருடம் பின்பெஞ்சில் வைத்திருந்தோம், கடைசியில் பார்த்தால் காதில் சீழ். இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓய்வுக்கு ரெண்டு வருஷம்:
எல்லாம் சரி, ஆனால் அங்கே ஆள் எங்கே இருக்கிறார்கள்? சிறப்புப் பயிற்றுநர் கேட்டு மூன்று கடிதம் போட்டேன், நாலாவது மாதம்தான் ஒருவர் வந்தார். அவர்களையும் குறை சொல்ல முடியாது. 2024ல் மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி நின்றுபோய், சமக்ர சிக்ஷா ஊழியர்களுக்கே சம்பளம் தள்ளிப்போனது. அதனால் கேளுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பிபிடி ஓடும்போது தூங்கினாலும் பரவாயில்லை, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து ஊர் ஈராசிரியர் பள்ளி டீச்சரோடு உட்காருங்கள். மூன்று குழுவையும் மேய்க்கிற வித்தை அவர்களிடம்தான் இருக்கிறது.

சாக்பீஸ் தூள்:
எல்லாருக்கும் நன்றி. பையனுக்குக் கடிதம் கொடுத்தாயிற்று, அவன் அம்மா சனிக்கிழமை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார். பயிற்றுநருக்கும் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் பி.எட். கணக்கு டீச்சர், சின்னப் பிள்ளைங்களுக்கு எடுத்ததே இல்லையே" என்றார். எனக்கே பாவமாகிவிட்டது. வியாழக்கிழமை வருகிறாராம். தீப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.